அடிவயிற்று வலி: "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று விட்டுவிடலாமா?

மாதத்தில் இரண்டு நாள் சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டு படுக்கை. பள்ளியிலிருந்து பாதியில் வீட்டுக்குக் கிளம்புவது. வேலைக்குப் போன பிறகு மாதாமாதம் ஓர் எம்சி.

"பீரியட்ஸ்னா வலிக்கத்தான் செய்யும்."

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்."

நம் வீடுகளில் இளம்பெண்கள் கேட்டுப் பழகிய பதில்கள் இவை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலை நம்பிப் பல ஆண்டுகள் வலியோடு காத்திருப்போர் இருக்கிறார்கள். டாக்டரிடம் போனவர்களிலும் சிலர், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

வலி எப்போது சாதாரணம்? எப்போது இல்லை? திருமணம் ஆகாத பெண் டாக்டரிடம் எதையெல்லாம் சொல்லலாம்? தெரிந்துகொள்வோம்.

எந்த வலி சாதாரணம்?

மாதவிடாய் நாள்களில் கருப்பை சுருங்கி உள்படலத்தை வெளியேற்றுகிறது. அப்படிச் சுருங்கவைப்பது புரோஸ்டாகிளாண்டின் எனும் வேதிப்பொருள். அது அதிகம் சுரந்தால் வலியும் அதிகம். சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் வரும்.

பெரும்பாலும் இந்த வலி முதல் இரண்டு மூன்று நாள்களில் குறைந்துவிடும். சுடுநீர் ஒத்தடமும் வலி மாத்திரையும் கைகொடுக்கும்.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பாருங்கள்:

- மாத்திரை போட்டும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத வலி

- ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் வலி

- மாதவிடாய் இல்லாத நாள்களிலும் அடிவயிறு, இடுப்பு, கீழ்முதுகில் வலி

- மலம் அல்லது சிறுநீர் கழிக்கும்போது வலி, குறிப்பாக மாதவிடாய் நாள்களில்

- பாலுறவின்போதோ அதற்குப் பிறகோ வலி

- டேம்பான் வைக்க முடியாத அளவுக்கு வலி அல்லது இறுக்கம்

- வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், துர்நாற்றம், உறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு

வலி 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட இடுப்புப் பகுதி வலி என்று வகைப்படுத்துவது வழக்கம். அதற்காக 6 மாதம் ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

இடுப்புப் பகுதியில் கருப்பை, சினைப்பை, சிறுநீர்ப்பை, குடல், தசை, நரம்பு எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. எங்கே கோளாறு என்றாலும் "அடிவயிறு வலிக்குது" என்றுதான் தோன்றும். ஒரே பெண்ணுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம்.

1. எண்டோமெட்ரியோசிஸ்

கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றைச் சுற்றி அது வளரலாம். அங்கே வீக்கம் உண்டாகும். தழும்பு ஏற்பட்டு உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும்கூடும்.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகளவில் கிட்டத்தட்ட 190 மில்லியன் பேர். பதின்ம வயதிலேயே அது தொடங்கலாம்.

அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டுபிடிக்கப்படும் வரை பல ஆண்டுகள் ஆவது உலகம் முழுதும் சகஜம். "வலிக்கத்தான் செய்யும்" என்ற எண்ணம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

2. கிருமித்தொற்று

கிளமிடியா, கொனோரியா போன்றவை பாலுறவின் மூலம் பரவும் நோய்கள். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கண்டுபிடிக்காமல் விட்டால் கிருமி கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறி, இடுப்புப் பகுதியில் அழற்சியை ஏற்படுத்தலாம்.

கருக்குழாயில் தழும்பு விழுந்தால் பின்னாளில் கருத்தரிப்பது சிரமமாகலாம். கரு கருப்பைக்கு வெளியே தங்கும் ஆபத்தும் கூடும்.

சீக்கிரம் தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் மருந்தில் குணமாகிவிடும். துணையும் சிகிச்சை பெறவேண்டும். இல்லாவிட்டால் மறுபடி தொற்றிக்கொள்ளும்.

இடுப்புப் பகுதி அழற்சி எல்லாமே பாலுறவால் வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நோயின் பெயரை வைத்து யாரையும் எடைபோடக்கூடாது.

3. தசை இறுக்கம், நரம்பு வலி

இடுப்பின் அடித்தளத்தில் ஊஞ்சல் துணியைப் போல் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் மூன்றையும் அவைதான் தாங்குகின்றன. தொடர்ந்து வலி இருந்தால் அந்தத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கமே புதிய வலிக்குக் காரணமாகிவிடும்.

சிலருக்குப் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் மட்டும் எரிச்சல், குத்தல். தொட்டாலே வலி. தெளிவான காரணம் இல்லாமல் 3 மாதமாவது அது நீடித்தால், வல்வோடினியா என்பார்கள்.

4. குடல், சிறுநீர்ப்பை

குடல் எரிச்சல் நோய், சிறுநீர்ப்பை வலி நோய் இரண்டும் அடிவயிற்று வலியாகவே தெரியும். அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வு இருக்கிறதா, மலம் கழித்தால் வலி குறைகிறதா என்று டாக்டர் கேட்பது அதனால்தான்.

5. சினைப்பைக் கட்டி

நீர்க்கட்டிகள் பல தாமாகவே மறைந்துவிடும். சில பெரிதாகி வலி தரும்.

"எனக்கு பிசிஓஎஸ் இருக்கு, அதனாலதான் வலி" என்று பலர் நினைக்கிறார்கள். பிசிஓஎஸ் நோயின் முக்கிய அறிகுறி ஒழுங்கற்ற மாதவிடாய். கடுமையான வலி அதன் முக்கிய அறிகுறி அல்ல. பிசிஓஎஸ் இருந்தாலும் வலிக்கு வேறு காரணம் உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே!"

ஸ்கேனில் எல்லாமே தெரியாது. சினைப்பைக் கட்டியும் ஆழமாக வளர்ந்த எண்டோமெட்ரியோசிஸும் பெரும்பாலும் தெரியும். மேலோட்டமாகப் படர்ந்த எண்டோமெட்ரியோசிஸ் தெரியாமல் போகலாம். தசை இறுக்கமும் நரம்பு வலியும் வழக்கமான ஸ்கேனில் தெரிவதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையை நினைத்துச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். அது எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிப்பதற்கான சோதனை அல்ல.

முன்பெல்லாம் எண்டோமெட்ரியோசிஸை உறுதிசெய்ய நுண்துளை அறுவை சிகிச்சைதான் வழி என்று கருதினார்கள். இப்போது அப்படி இல்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022ஆம் ஆண்டில் வழிகாட்டியைப் புதுப்பித்தது. அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதோ சிகிச்சை பலன் தராதபோதோ அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது அது.

ஆகவே ஸ்கேன் நன்றாக இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

- "ஸ்கேனில் தெரியாத காரணம் ஏதாவது இருக்குமா?"

- "அடுத்து என்ன செய்யலாம்?"

- "இந்தச் சிகிச்சை எத்தனை மாதத்தில் பலன் தரவேண்டும்? தராவிட்டால் நான் யாரைப் பார்ப்பது?"

நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறி உஷாராகிவிடுவதும் உண்டு. முதலில் வலியைத் தந்த காரணம் சரியான பிறகும் உடல் வலியை உணர்ந்துகொண்டே இருக்கும். அது கற்பனை அல்ல. "எல்லாம் மனசுல இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவது சரியான பதிலும் அல்ல.

டாக்டர் ஏன் "அந்த" கேள்வியைக் கேட்கிறார்?

"பாலுறவு கொண்டதுண்டா?" என்று டாக்டர் கேட்பார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். உண்மை எதுவாக இருந்தாலும் "இல்லை" என்றுதான் வாயில் வரும்.

அந்தக் கேள்வி உங்கள் நடத்தையைப் பற்றியது அல்ல. அதற்கு மூன்று காரணங்கள்:

- கர்ப்பம் தொடர்பான அவசரப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க

- பாலுறவால் பரவும் நோய்க்குச் சோதனை தேவையா என்று முடிவுசெய்ய

- எந்த வகை ஸ்கேன் செய்யலாம் என்று தெரிந்துகொள்ள

இதில் பொய் சொன்னால் தேவையான சோதனை விட்டுப்போகலாம்.

அம்மா முன்னால் சொல்ல முடியவில்லையா? "டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். அது வழக்கமான வேண்டுகோள்தான். மருத்துவர்களுக்கு நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமை உண்டு.

ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 16 வயதுக்குட்பட்டவரோடு பாலுறவு கொள்வது, அவர் சம்மதித்தாலும் குற்றம். அதனால் அந்த வயதினர் விஷயத்தில், அவர்களின் பாதுகாப்புக்காக ரகசியம் காப்பதற்கு வரம்பு இருக்கலாம். எதை யாரிடம் சொல்ல நேரிடும் என்று முதலிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கருப்பையைத் தெளிவாகப் பார்க்கப் பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கேன் உதவும். பாலுறவு கொள்ளாதவர்களுக்கு வயிற்றின் மேலே ஸ்கேன் செய்வார்கள். தேவைப்பட்டால் ஆசனவாய் வழியாகச் செய்வதும் உண்டு, எம்ஆர்ஐயும் எடுக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் உள்பரிசோதனை செய்யமாட்டார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றோ, பக்கத்தில் தாதி இருக்கவேண்டும் என்றோ கேட்கலாம். நடுவில் "போதும், நிறுத்துங்க" என்று சொல்லவும் உரிமை உண்டு.

உறவின்போது வலி: பேசவே கூடாத விஷயமா?

புதிதாகத் திருமணமான பெண்கள் பலர் இதை யாரிடமும் சொல்வதில்லை. "முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்ற பதில் தோழிகளிடமிருந்தும் வரும்.

போதுமான ஈரம் இல்லாமை, தொற்று, தோல் கோளாறு, எண்டோமெட்ரியோசிஸ், தசை இறுக்கம் ஆகியவை வலிக்குக் காரணமாக இருக்கலாம். சிலருக்கு உறவு கொள்ள முயலும்போதே தசைகள் தாமாக இறுகி வழியை அடைத்துவிடும். வேண்டும் என்று செய்வதல்ல அது. கண்ணுக்கு அருகே விரலைக் கொண்டுவந்தால் இமை தானாக மூடிக்கொள்வதைப் போலத்தான். அதை வஜைனிஸ்மஸ் என்பார்கள்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லை", "மாப்பிள்ளைக்குத் தெரியலை" என்று குடும்பத்தில் பேச்சு கிளம்பும். அந்த நேரத்தில் தேவைப்படுவது சிகிச்சை. அதற்குப் பலன் தரும் வழிகள் இருக்கின்றன:

- இடுப்புத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சை

- சிறிய அளவிலிருந்து தொடங்கி மெதுவாகப் பழக்கும் டைலேட்டர் கருவிகள்

- தம்பதி இருவருக்கும் பாலியல் ஆலோசனை

வலியைப் பொறுத்துக்கொண்டு உறவைத் தொடர்வது நல்லதல்ல. அடுத்த முறை வலிக்கும் என்ற பயத்தில் தசை இன்னும் இறுகும். கணவர் அதைப் புரிந்துகொண்டு பொறுமையாக இருந்தால் சிகிச்சையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

விருப்பத்துக்கு மாறாக நடந்த உறவுக்குப் பிறகு வலி என்றால் அதையும் சொல்லலாம். அவேர் அமைப்பின் கீழ், பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கான உதவி நிலையம் சிங்கப்பூரில் செயல்படுகிறது. நடந்து எத்தனை நாள் ஆகியிருந்தாலும் உதவி கேட்கலாம்.

என்ன சிகிச்சை?

வலி மாத்திரை

மெஃபெனாமிக் அமிலம் (பொன்ஸ்டன்), ஐபுபுரோஃபன் போன்றவை புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும். வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிடத் தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது நல்லது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேட்கவேண்டும்.

ஹார்மோன் மருந்து

கருத்தடை மாத்திரை, புரோஜெஸ்டின் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஆகியவை ரத்தப்போக்கையும் வலியையும் குறைக்கும்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?" என்று வீட்டில் அதிர்ச்சி வருவது இயல்பு. பெயர்தான் அப்படி. வலிக்கும் அதிக ரத்தப்போக்குக்கும் அது மருந்து. அதைச் சாப்பிட்டால் பிள்ளை பெறும் வாய்ப்பு போய்விடும் என்பதும் உண்மையல்ல. ஆனால் ரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள், சில வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஆகியோருக்கு எல்லா வகை மாத்திரையும் ஒத்துவராது. தோழியின் மாத்திரையை வாங்கிப் போடவேண்டாம்.

அறுவை சிகிச்சை

நுண்துளை வழியாக எண்டோமெட்ரியோசிஸ் திசுவையோ கட்டியையோ அகற்றலாம். வலி குறையும். மீண்டும் வரும் சாத்தியமும் உண்டு.

கல்யாணம், குழந்தை?

கர்ப்பக் காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி குறையலாம். ஆனால் அது நோயைக் குணப்படுத்துவதில்லை. எண்டோமெட்ரியோசிஸுக்குச் சிகிச்சையாகக் கருத்தரிக்கச் சொல்லக்கூடாது என்று மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டியே தெளிவாகக் கூறுகிறது. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் குழந்தையே பிறக்காது என்பதும் தவறு. கருத்தரிப்பது சிலருக்குச் சிரமமாகலாம். பலர் இயல்பாகவே தாயாகிறார்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய வலி

- திடீரென்று ஒரு பக்கத்தில் கடும் வலி, கூடவே வாந்தி: சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம்

- மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது கடும் வலி, ரத்தக்கசிவு, மயக்கம், தோள்பட்டை வலி: கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்

- காய்ச்சலுடன் அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்

- ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு

மயங்கி விழுந்தால் 995ஐ அழையுங்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் பெண்களுக்கான அவசரச் சிகிச்சை 24 மணி நேரமும் உண்டு.

சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது?

பலதுறை மருந்தகம் அல்லது உங்கள் குடும்ப மருத்துவர் போதும். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் பொது மருத்துவமனையில் மகப்பேறு, பெண்ணியல் நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம்.

பாலுறவால் பரவும் நோய்க்கான சோதனைக்கு டிஎஸ்சி மருந்தகம் இருக்கிறது. திருமணம் ஆனவரா, ஆகாதவரா என்பது அங்கே தடையல்ல. கிளமிடியாவைச் சிறுநீரிலோ பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியிலோ கண்டுபிடிக்கலாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் இரண்டு மூன்று மாதத்துக்குக் கைப்பேசியில் குறித்துவையுங்கள்:

- வலி வந்த தேதி, மாதவிடாயின் எத்தனையாவது நாள்

- 10க்கு எத்தனை அளவு வலி

- எங்கே வலிக்கிறது, காலுக்கோ முதுகுக்கோ பரவுகிறதா

- எத்தனை மாத்திரை போட்டீர்கள், கேட்டதா

- பள்ளி, வேலை, தூக்கம், உறவு எதெல்லாம் பாதிக்கப்பட்டது

"ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட, "மூணு மாசத்துல ஏழு நாள் வேலைக்குப் போக முடியலை" என்று சொன்னால் நிலைமை டாக்டருக்குச் சட்டென்று புரியும். ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். வலி கடுமையாக இருந்தால் குறித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லும் அம்மாவுக்கும் அந்தக் காலத்தில் யாரும் சிகிச்சை தரவில்லை என்பதுதான் பல வீடுகளில் உண்மை. நெருங்கிய உறவில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் மற்றவருக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே உங்களுக்கும் அப்படி வலி இருந்திருந்தால் மகளை டாக்டரிடம் காட்ட அதுவே ஒரு காரணம்.

மகள் டாக்டரோடு தனியாகப் பேசவேண்டும் என்றால் வெளியே கொஞ்ச நேரம் உட்காருங்கள். திரும்பி வந்ததும் "என்ன சொன்னே?" என்று துருவவேண்டாம். "டாக்டர் சொன்னபடி செய்வோம், நான் கூட இருக்கேன்" என்றால் போதும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சைக்கு மருத்துவரை நாடுங்கள்.)